ஓட வேண்டிய வண்டிகள்

(கோவையில் பாலிடெக்னிக் மாணவர்களும் பழைய வண்டி ஆர்வலர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய மோட்டார் சைக்கிள்களை வீட்டிலேயே வைத்துச் சீர்செய்து ஓட்டுவதைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எடுத்த எடுப்பிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர் அதை ஓட்ட வேண்டும். துடைத்துப் பளபளப்பாக்கிக் கண்ணாடி அறைக்குள் நிறுத்திவைக்கும் வழக்கம் இப்போது நம் ஊரிலும் பெருகி வருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்பதை இன்ஜினுக்குள்ளிருந்தே தொடங்குகிறேன்.

நாலைந்து வருடம் கொட்டகையில் நின்ற வண்டிக்குள் என்ன நடக்கிறது? கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, மஞ்சள் பிசினாகப் படிந்து ஜெட் துளையை அடைத்துவிடும். சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய் மெல்ல மெல்ல வடிந்துபோகும். திறந்த நிலையில் நின்றுவிட்ட வால்வு வழியாக மழைக்காலத்து ஈரம் உள்ளே இறங்கும். வார்ப்பிரும்பு சிலிண்டரை வார்ப்பிரும்பு ரிங் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒரு வரியில் துரு பிடித்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் இல்லாத டேங்கின் உட்பக்க மேற்கூரை செதில் செதிலாக உதிரும். ரப்பர் சீல் காய்ந்து உதடு சுருங்கும். புல்லட்டில் இன்னொன்றும் உண்டு. அதன் எண்ணெய் கிராங்க் கேஸுக்குள்ளேயே தனி அறையில் இருக்கிறது. பல மாதம் நின்றால் அந்த எண்ணெய் பம்பைத் தாண்டிக் கசிந்து கிராங்க் இருக்கும் பக்கம் சேர்ந்துவிடும். அப்படியே உதைத்து எழுப்பினால் தெருவே புகையில் மறையும்.

சிலர் வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துகிறார்கள். நல்லது செய்வதாக நினைத்துச் செய்கிறார்கள். வண்டிக்கு அது கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது அது ஆவியாகி சைலன்சர் வழியே போய்விடும். குளிர்ந்த இன்ஜினில் கொஞ்சம் ரிங் இடுக்கு வழியாகக் கீழே இறங்கி எண்ணெயோடு கலக்கும். மீதி சைலன்சருக்குள் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். அரை மணி நேரமாவது ஓட்டி, எண்ணெய் நன்றாகச் சூடேறினால்தான் அந்த ஈரம் வெளியேறும். ஆகவே ஓட்டம் என்பது பழைய வண்டிக்குப் பராமரிப்பின் ஒரு பகுதி. ஓட்டாமல் காப்பாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம் பகுதியில் பழைய மோட்டார் சைக்கிள் என்றால் பெரும்பாலும் மூன்று நான்கு பெயர்களுக்குள் அடங்கிவிடும். அவற்றில் முதலாவது சென்னையில் வளர்ந்தது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் செய்துவந்த 350 சிசி புல்லட்டை, 1950-களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்காகத் தேர்ந்தெடுத்தது. அதைத் தொடர்ந்து 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் பாகங்களை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து பூட்டினார்கள். 1960-களில் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் அதன் உற்பத்தியே நின்றுபோயிற்று. திருவொற்றியூரில் மட்டும் அதே 70 மில்லிமீட்டர் போரும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட 346 சிசி இன்ஜின் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. 1977-இல் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட அந்த இன்ஜினின் காலம் 2010 வாக்கில்தான் முடிந்தது.

இந்தத் தொடர்ச்சியால் வீட்டில் வேலை செய்பவனுக்கு என்ன லாபம் என்று பாருங்கள். 1960-களின் வண்டிக்கு 1990-களில் செய்த எத்தனையோ பாகங்கள் பொருந்தும். ஐரோப்பாவில் அதே வயதுள்ள வேறொரு வண்டியை வைத்திருப்பவர் ஒரு பல்சக்கரத்துக்காக மாதக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். நமக்கு அது ஒரு பஸ் பயணத் தூரத்தில் கிடைக்கிறது. பாகத்தோடு அறிவும் கிடைக்கிறது, அதுதான் பெரிது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே இன்ஜினைத் திறந்து மூடிய கைகள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தன. இன்னும் கொஞ்சம் இருக்கின்றன.

அடுத்தது மைசூர். ருஸ்தம் இரானியும் ஃபரோக் இரானியும் தொடங்கிய ஐடியல் ஜாவா, செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா வண்டியை 1961 முதல் அங்கே செய்தது. 1973-இலிருந்து யெஸ்டி என்று பெயர் மாறியது. 1996-இல் ஆலை மூடியது. 250 சிசி, ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர். கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. உள்ளே தள்ளி மேலே திருப்பினால் கிக்கர், மடக்கினால் கியர். அந்த லீவரை அழுத்தும்போதே கிளட்ச் தானாக விலகும் என்பதால், கைப்பிடியைத் தொடாமலே கியர் மாற்றலாம். போலந்து நாட்டு வண்டியின் வழியில் எஸ்கார்ட்ஸ் செய்த ராஜ்தூத் 175, பால்காரரும் கிராமத்து வியாபாரியும் நம்பி ஓட்டிய வண்டி. 1980-களில் ஜப்பான் கூட்டுறவில் வந்தவற்றுள் யமஹா ஆர்எக்ஸ் 100 பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. 98 சிசியில் 11 குதிரைத் திறன். அதை இன்றும் காதலிக்கிறீர்கள் என்று வெளியே நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே தெரிகிறது.

கோவையில் நின்று இதைப் பேசும்போது ஜி.டி.நாயுடுவைச் சொல்லாமல் போனால் தவறு. கலங்கல் கிராமத்துப் பையன். ஊருக்கு வந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து, அதை வாங்கியே தீருவதென்று கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அந்த அதிகாரியிடமே 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியதும் ஓட்டிப் பார்த்ததோடு விடவில்லை. பிரித்துப் பிரித்துப் பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவரின் தொழிற்கல்வி ஒரு மோட்டார் சைக்கிளைத் தரையில் பரப்பியதில் ஆரம்பித்தது. இந்த ஊரின் லேத் பட்டறைகளும் பம்பு செட் ஆலைகளும் வளர்ந்த மண்ணில், வீட்டுப் பின்கட்டில் ஒரு இன்ஜினைத் திறப்பது புதுப் பழக்கம் ஒன்றுமில்லை.

சரி, திறக்கலாம்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி உக்கடம் பக்கத்தில் பட்டறை வைத்திருந்தார். எழுபது வயதிலும் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை இன்ஜினில் ஊன்றிக் கேட்டு, எந்தப் பக்கத்துச் சத்தம் என்று சொல்வார். பிஸ்டன் பிடித்துப்போன வண்டி ஒன்று வந்தது. நான் சுத்தியலைத் தேடினேன். "ஏங்கண்ணு, அதை வையி. பிளக் ஓட்டையில டீசலை ஊத்திப்போட்டு நாளைக்கு வா" என்றார். மறுநாளும் அசையவில்லை. "அப்ப நாளான்னிக்கு வா." வாரக் கடைசியில் பின்சக்கரத்தை டாப் கியரில் மெல்ல முன்னும் பின்னும் ஆட்டியபோது பிஸ்டன் விட்டுக்கொடுத்தது. சுத்தியல் எடுத்திருந்தால் பிஸ்டனோடு கனெக்டிங் ராடும் போயிருக்கும். இந்த வேலையில் கைக்கு முதலில் வர வேண்டியது பொறுமை என்று அவர் வாயால் சொன்னதே இல்லை. டீசல் டப்பாவை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைப்பார்.

புல்லட்டில் கை வைக்கும் இளைஞர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் நட்டும் போல்ட்டும்தான். உங்கள் பெட்டியில் இருப்பது மில்லிமீட்டர் ஸ்பேனர். பழைய புல்லட்டில் இருப்பது ஆங்கிலேய மரை. 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த அந்த மரையின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரைக்கு 60 பாகை. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் அளவு போல்ட்டுத் தண்டின் விட்டத்தைக் குறிக்கும், தலையின் அகலத்தை அல்ல. கால் அங்குல ஸ்பேனரின் வாய் ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர். 13-ஆம் நம்பர் ஏறாது. 14-ஆம் நம்பர் ஏறிச் சுற்றி நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். நம் ஊரில் உருண்டைத் தலையோடு நிற்கும் அத்தனை புல்லட் நட்டுகளின் கதையும் இதுதான். பிற்கால வண்டிகளில் இரண்டு வகை மரையும் கலந்தே வரும். அதனால் ஒரு விட்வொர்த் ஸ்பேனர் செட்டும், மரை அளக்கும் கேஜும் வாங்கிய பிறகு வண்டியைத் தொடுங்கள். செல்போனால் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய போல்ட்டை அது வந்த துளையிலேயே இரண்டு திருகு திருகி வைத்துவிட்டால், பூட்டும்போது தேட வேண்டாம்.

சிலிண்டரை லேத் பட்டறைக்கு எடுத்துப்போகும்போது பிஸ்டனையும் கூடவே எடுத்துப்போங்கள். இருபது ஓவர்சைஸ் என்று டப்பாவில் போட்டிருந்தாலும், கையில் இருக்கும் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்பத்தான் போர் செய்ய வேண்டும். அலுமினியப் பிஸ்டன் சூட்டில் இரும்பு சிலிண்டரைவிட அதிகம் விரியும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கான அந்த இடைவெளியில்தான் வண்டியின் ஆயுள் இருக்கிறது. குறைத்தால் ஏற்றத்தில் பிடித்துக்கொள்ளும், கூட்டினால் தட்டும். நம் ஊர் போரிங் பட்டறைக்காரர்கள் இதில் வல்லவர்கள். அவர்களை அவசரப்படுத்தாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை பாயின்ட் வைப்பது. இன்றைய வண்டியில் இக்னிஷன் நேரத்தைக் கணினிச் சில்லு முடிவு செய்கிறது. பழைய புல்லட்டில் நீங்கள் முடிவு செய்கிறீர்கள். பாயின்ட் முழுதாகத் திறக்கும்போது இடைவெளி 0.35-இலிருந்து 0.40 மில்லிமீட்டர். பிஸ்டன் உச்சிக்குப் போவதற்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் இருக்கும்போது அது திறக்கத் தொடங்க வேண்டும். அந்தத் தொடக்கத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. மேஸ்திரிமார் சிகரெட் பெட்டிக்குள் வரும் மெல்லிய தாளைக் கிழித்துப் பாயின்ட்டுக்கு நடுவே வைத்து லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இன்ஜினைச் சுற்றுவார்கள். தாள் விட்டு வரும் கணம்தான் பொறி பறக்கும் கணம். விலை உயர்ந்த கருவி எதுவும் இதைவிடத் துல்லியமாகச் செய்து நான் பார்த்ததில்லை. முதல் தடவை அந்தத் தாள் கைக்கு வரும்போது உங்களுக்கு ஏற்படும் மகிழ்ச்சியைப் பார்க்க எனக்கு ஆசை.

ஜாவாவுக்கு வருவோம். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வு கிடையாது, கேம் கிடையாது. எளிது என்று நினைப்பார்கள். ஆனால் அதன் கிராங்க் கேஸே ஒரு பம்பு. பெட்ரோலும் காற்றும் முதலில் கீழே உறிஞ்சப்பட்டு, அங்கே அழுத்தம் பெற்று மேலே ஏறுகின்றன. ஆகவே கிராங்கின் இரு பக்கத்து ஆயில் சீலும் காற்றுப் புகாமல் இருந்தாக வேண்டும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும். டைனமோ பக்கத்துச் சீல் போனால் காற்று உள்ளே புகுந்து கலவை மெலிந்து, இன்ஜின் கொதித்து, ஒருநாள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கொண்டுவருபவர் கார்புரேட்டரைத்தான் குறை சொல்வார். கார்புரேட்டரைத் திருகித் திருகிப் பல வருடம் கழித்த வண்டிகளை நான் அறிவேன். காரணம் சில ரூபாய் விலையுள்ள ஒரு ரப்பர் வளையம்.

உதிரி பாகங்கள் என்றால் சென்னைக்காரர்கள் புதுப்பேட்டையைச் சொல்வார்கள். அங்கே நடந்து பாருங்கள், ஒரு நாட்டின் வாகன வரலாறே குவியல் குவியலாகக் கிடக்கும். நான் பேரம் பேசும் ஆள் இல்லை. ஆனால் பார்த்து வாங்குகிறவன். பேரிங் மட்டும் எந்தப் பழைய பொருள் கடையிலும் வாங்க வேண்டாம். பேரிங்கின் ஓரத்தில் பொறித்த எண் உலகம் முழுக்க ஒன்றுதான். அதைச் சொன்னால் பேரிங் கடையில் புதிதே கிடைக்கும், அது எந்த வண்டிக்கு என்றுகூடச் சொல்ல வேண்டாம். கேஸ்கட்டை வீட்டிலேயே வெட்டலாம். கேஸ்கட் தாளைக் கேஸின் விளிம்பில் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் உலோக விளிம்பே தாளை வெட்டிக்கொடுக்கும். எங்கள் வீட்டில் இந்த வேலை என் துணைவியாருடையது. அவர் வெட்டிய கேஸ்கட்டில் ஒரு சொட்டு எண்ணெய் கசிந்ததில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய பிரேக் ஷூவின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். பெட்ரோல் டேங்கில் ஓட்டை அடைக்க வெல்டிங்குக்குக் கொடுக்கும்போது, பல மாதம் காலியாகக் கிடந்த டேங்காக இருந்தாலும், நன்றாகக் கழுவி, வழிய வழியத் தண்ணீர் நிரப்பிய பிறகே நெருப்பு அருகில் வர வேண்டும். பெட்ரோல் ஆவி இரும்பின் துருவிலும் ஒளிந்திருக்கும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். இதில் சலுகையே கிடையாது.

இனி பெயின்ட். இங்கேதான் நான் பலரோடு சண்டை போட்டிருக்கிறேன். வண்டி வாங்கிய மறுவாரமே டேங்கைப் பெயின்ட் கடைக்கு அனுப்புகிறார்கள். இன்ஜின் கடைசியில் வருகிறது, சில நேரம் வருவதே இல்லை. நான் தலைகீழாகச் செய்வேன். முதலில் பிரேக், அடுத்து சக்கரத்தின் கோட்டம், ஆரங்களின் இறுக்கம், பிறகு இன்ஜின், மின்சாரம். ஒரு வருடம் ஓட்டி, எல்லாக் கசிவும் எல்லா ஆட்டமும் தெரிந்து சரிசெய்த பின்னரே பெயின்ட் பற்றி யோசிக்கலாம். அப்போது பல வண்டிகளுக்குப் பெயின்டே வேண்டாம் என்று தோன்றும். டேங்கின் இரு பக்கத்திலும் ஓட்டியவரின் முழங்கால் பட்டுப் பட்டு மங்கிய இடம், கிக்கரில் செருப்புத் தேய்த்த பள்ளம் இவையெல்லாம் ஒரு மனிதர் இந்த வண்டியோடு வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்திய தடங்கள். பெயின்டுக்கு அடியில் புதைத்துவிட்டால் திரும்ப வராது. பாகம் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்; அந்த வண்டி முதல் முதலாக ஆலையிலிருந்து வந்தபோது இருந்த மேற்பரப்பு ஒரு முறைதான் கிடைக்கும்.

திருவொற்றியூரில் புல்லட் டேங்கின் தங்கக் கோட்டை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் தலைமுறையாகத் தூரிகையால், கையாலேயே இழுத்து வந்தார்கள். அளவுகோல் இல்லை, ஒட்டு நாடா இல்லை. உங்கள் வண்டியில் அந்தக் கோடு மங்கலாகவாவது இருந்தால், அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன் ஒரு கணம் அந்தக் கையை நினைத்துப் பாருங்கள்.

துரு தகட்டைத் தின்றுகொண்டிருந்தால் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆர்எக்ஸ் 100-இன் சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சத்தமிடும் குழாயை மாட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் சத்தத்தை அடக்கும் குழாய் மட்டுமல்ல. போர்ட் வழியே வெளியே ஓடப்பார்க்கும் புதுக் கலவையைத் திரும்பி வரும் அழுத்த அலையால் உள்ளே தள்ளுவதும் அதன் வேலை. யமஹா பொறியாளர்கள் கணக்குப் போட்டுச் செய்த அந்த உட்புறத்தைக் குலைத்தால், சத்தம் கூடும், இழுவை குறையும், அக்கம்பக்கத்தாரின் பகை வரும்.

இப்போது நம் எல்லாருக்கும் பொதுவான ஒரு புதுச் சிக்கல். 2023-இலிருந்து 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக வந்து, இன்று பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் அதுதான் கிடைக்கிறது. நாட்டின் எண்ணெய் இறக்குமதி, கரும்பு விவசாயி என்று அதற்கு நியாயங்கள் உண்டு. பழைய வண்டி அதை எப்படி எதிர்கொள்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். ஆகவே அதே ஜெட்டில் கலவை மெலியும், இன்ஜின் சூடு கூடும். மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கி, பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் காக்கின் கார்க், டேங்கின் உட்பூச்சு இவற்றை எத்தனால் இளக்கிவிடும். குழாய்களை எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். முக்கியமாக, எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். முன்பெல்லாம் டேங்கை நிரப்பி நிறுத்து என்பார்கள். இன்றைய பெட்ரோலுக்கு, ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்த வேண்டியிருந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவதே நல்லது. அதைவிட நல்லது, நிறுத்தாமல் ஓட்டுவது.

ஓட்டுவது என்றால் எப்படி? பழைய புல்லட்டின் கிராங்கில் பிக் எண்ட் ஒரு மிதக்கும் புஷ் மேல் சுழல்கிறது. அதற்கு எண்ணெய் போய்ச் சேர நேரம் கொடுக்க வேண்டும். முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள். பிறகு மணிக்கு 55, 60 என்ற வேகத்தில் அது நாள் முழுக்கச் சலிக்காமல் ஓடும். முன் பிரேக் டிரம். இன்றைய டிஸ்க் பிரேக் வண்டி நிற்கும் இடத்தில் இது நிற்காது. முன்னே போகும் காருக்கும் உங்களுக்கும் இடையே தாராளமாக இடம் விடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 3508 என்றால் 2008-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் அந்த ரப்பர் கல்லாகியிருக்கும். அதில் மழையில் வளைவு எடுக்கக் கூடாது.

மலையிறக்கம் பற்றி டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது ஜாவா பாடும். இறங்கும்போதுதான் ஆபத்து. பெட்ரோலில் கலந்த எண்ணெய்தான் அந்த இன்ஜினுக்கு உயவு. நான் லிட்டருக்கு 40 மில்லி கலக்கிறேன். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுதாக மூடி, கியரில் இன்ஜினை இழுவைக்கு விட்டால், பெட்ரோல் வருவதில்லை, எண்ணெயும் வருவதில்லை. சக்கரமோ இன்ஜினை வேகமாகச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. வறண்ட சிலிண்டரில் பிஸ்டன் ஓடுகிறது. அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து ஒரு திருகு திருகிவிட்டால் எண்ணெய் கிடைக்கும். நீலகிரியில் தபால் கொண்டுபோனவர்களும் தோட்ட மேற்பார்வையாளர்களும் இதைப் பழக்கத்திலேயே செய்தார்கள். எந்த இறக்கத்தில் எத்தனை தடவை என்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டி ஓட்டி வந்த அறிவு. கண்ணாடி அறையில் நிற்கும் ஜாவாவிடமிருந்து அடுத்த தலைமுறை இதைக் கற்றுக்கொள்ள வழியே இல்லை. நான் ஓட்டச் சொல்வதற்கு உலோகம் மட்டும் காரணம் அல்ல. ஓட்டுகிறவன் இருந்தால் பழுது வரும். பழுது வந்தால் மேஸ்திரிக்கு வேலை இருக்கும். வேலை இருந்தால்தான் அவர் பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்க ஒரு பையன் நிற்பான். உக்கடத்தில் என் மேஸ்திரி இறந்த பிறகு அந்தப் பட்டறையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அவருக்குத் தெரிந்ததில் பாதியைக்கூட நாங்கள் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

புகையைப் பற்றிக் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே வரும் கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியே போகிறது. நகர நெரிசலில் ஆயிரக்கணக்கில் அவை ஓடிய காலத்தில் நம் காற்று எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. 2000-க்குப் பிறகு கடுமையான மாசு விதிகள் அவற்றை நிறுத்தியது சரியே. இன்று மிஞ்சியிருப்பவை சொற்பம். நல்ல எண்ணெய், சரியான அளவு, நல்ல சீல், நேரான இக்னிஷன் இருந்தால் புகையைப் பாதிக்கு மேல் குறைக்கலாம். அவற்றைத் தினசரி அலுவலகத்துக்கு ஓட்ட நான் சொல்லவில்லை. அதிகாலையில், ஊருக்கு வெளியே ஓட்டுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்.சி. புத்தகத்தைப் புதுப்பிக்காமல் விட்ட வண்டியை வாங்கிவிட்டு அலைய வேண்டாம். சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகு முன்பணம் கொடுங்கள். 50 வயதைத் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு, 2021-இல் வந்த மத்திய விதிப்படி விண்டேஜ் பதிவு உண்டு. 'விஏ' என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கே அனுமதி. சாதாரணப் பதிவு உயிரோடு இருக்கும் வண்டியென்றால், அதையே புதுப்பித்து வைத்துக்கொண்டு ஓட்டுவது என் வழி.

என் புல்லட்டை வெளியே வேப்ப மரத்தடியில் நிறுத்தியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் விருப்பமுள்ளவர்கள் வந்து உதைத்துப் பாருங்கள். பெட்ரோல் காக்கைத் திறந்து, சாவியைப் போட்டு, கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்துங்கள். கெட்டியாக எதிர்க்கும் இடம் வரும். அங்கே கைப்பிடியில் உள்ள சின்ன டிகம்ப்ரசர் லீவரைப் பிடித்து, ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை, கீழே வரை. பாதியில் காலை எடுத்தால் திருப்பி அடிக்கும். கனமான ஷூ போட்டவர்கள் முதலில் வாருங்கள். மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டவும் சாவி தருகிறேன். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அதில் கியர் வலது காலில், முதல் கியர் மேலே, பிரேக் இடது காலில்.